வாய் பாக்டீரியாவும் வீட்டு வருமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லில் சொத்தை விழுந்தால் "ஒழுங்காகத் தேய்க்கவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வதுதான் வழக்கம். பல் மருத்துவரும் பெரும்பாலும் அதையேதான் சொல்லி அனுப்புவார். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, வாய்க்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் வாய்க்கு வெளியே இருக்கும் வேலை, சம்பளம், வீடு, தண்ணீர் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

வாய்க்குள் அப்படி எத்தனை உயிர்கள்தான் இருக்கின்றன?

மனித வாயில் இதுவரை கண்டறியப்பட்ட பாக்டீரியா இனங்கள் சுமார் 700. எல்லாமே ஒரே ஆளிடம் இருக்காது. ஒவ்வொருவர் வாயிலும் அதில் ஒரு பகுதிதான் குடியிருக்கும். எண்ணிக்கை என்று பார்த்தால் ஒரு மில்லிலிட்டர் எச்சிலிலேயே பத்துக் கோடி அளவில் மிதக்கும். 1683-ல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் பல் இடுக்கில் படிந்திருந்த வெள்ளை மாவு போன்ற பொருளைச் சுரண்டித் தன் உருப்பெருக்கியில் பார்த்தார். உள்ளே நெளிந்து ஓடிய உயிர்களைக் கண்டு அசந்துபோய் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

இவை வாய் முழுக்க ஒரே மாதிரி பரவிக் கிடப்பதில்லை. நாக்கின் மேல் ஒரு கூட்டம், கன்னத்தின் உட்புறம் இன்னொன்று, பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் காற்றுப் படாமல் வாழும் வேறொரு கூட்டம். ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு வேறு ஆட்கள் இருப்பது மாதிரிதான். பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளிக் கிருமிகளை உள்ளே விடாமல் காவல் காப்பவையும் உண்டு.

இதெல்லாம் பரம்பரையாக வருவதுதானே? எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே பல் மோசம்.

குடும்பம் என்பது சரி. பரம்பரை என்பதுதான் சந்தேகம். பிறக்கும்போது குழந்தையின் வாயில் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. முதல் சில மணி நேரத்திலிருந்தே சுற்றியிருப்பவர்களிடமிருந்து பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கும். இது ரத்தத்தில் வருகிறதா, வீட்டில் வருகிறதா என்று பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் நல்ல ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாயும் பெற்ற பிள்ளையும் ஒருபக்கம், தாயும் தத்துப் பிள்ளையும் மறுபக்கம் என்று வைத்து வாய் பாக்டீரியாக்களை ஒப்பிட்டார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, தத்துப் பிள்ளையும் பெற்ற பிள்ளை அளவுக்கே தாயை ஒத்திருந்தது. மரபணு ஒட்டாவிட்டாலும் பாக்டீரியா ஒட்டிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் 5 முதல் 11 வயது வரையிலான இரட்டைக் குழந்தைகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. சில வகை பாக்டீரியாக்களில் மரபணுவின் சாயல் தெரிந்தது. ஆனால் சொத்தையோடு சம்பந்தப்பட்டவை அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு, வயது கூடக் கூட, சர்க்கரை சேரச் சேர, மரபணுவின் பிடியில் இருந்தவையும் குறைந்துகொண்டே போயின. ஆக, உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பல் மோசம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்ட சமையலறையைத்தான். தாத்தாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வருமானத்துக்கும் வாய் பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டு என்று யாராவது நேரடியாகப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 292 பேரின் எச்சிலை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் சுவாரசியமான விஷயம், அந்த 292 பேருக்கும் சொத்தையோ ஈறு நோயோ பெரிதாகக் கிடையாது. அப்படியும், புகைப்பவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் இடையே எச்சில் பாக்டீரியாவில் வேறுபாடு தெரிந்தது; சமூக, பொருளாதார நிலையில் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடையேயும் தெரிந்தது. வயதோ உடல் எடையோ அந்த அளவுக்கு வேறுபாடு காட்டவில்லை. நியூயார்க் நகரவாசிகளை வைத்து 2019-ல் வந்த ஆய்விலும் கல்வி, குடும்ப வருமானம் போன்றவற்றுக்கு ஏற்ப வாய் பாக்டீரியாக்களின் அளவுகள் மாறுபட்டிருந்தன.

இரண்டுமே சில நூறு பேரை ஒரே ஒரு தடவை பார்த்தவை. தொடர்பைக் காட்டுமே தவிர, எது எதற்குக் காரணம் என்று இவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. "ஏழைகளின் வாயில் தனிக் கிருமி" என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள். அப்படி ஒரு கிருமி இல்லை.

அப்படியானால் பணம் எந்த வழியாக வாய்க்குள் போகிறது? பாக்டீரியாவுக்குச் சம்பளம் தெரியுமா என்ன?

தெரியாது. அதற்குத் தெரிந்தது சர்க்கரை, அமிலம், எச்சில், காற்று, பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு, அவ்வளவுதான். வருமானம் இந்த ஐந்தையும் கூட்டிக் குறைக்கிறது. மற்ற எல்லாம் அதிலிருந்து வருகிறது.

முதலில் சர்க்கரை. நீங்கள் இனிப்பாக எதையாவது வாயில் போட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் இருக்கும் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கிவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பிக்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை முறித்து, கரைந்த தாதுவைத் திரும்பப் படிய வைக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று தடவை சாப்பிட்டால் மூன்று சரிவு, மூன்று மீட்சி. மணிக்கு ஒரு தடவை இனிப்புத் தேநீரோ குளிர்பானமோ உள்ளே போனால் மீட்சிக்கே நேரம் கிடையாது. வாய் நாள் முழுக்க அமிலத்தில் கிடக்கும்.

அங்கேதான் குடியிருப்பே மாறுகிறது. அமிலத்தைத் தாங்க முடியாத இனங்கள் சுருங்கிப் போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் மாதிரி அமிலத்தைத் தாங்குகிற, தானும் அமிலம் சுரக்கிற இனங்கள் பெருகும். அவை பெருகப் பெருக இன்னும் அமிலம். இன்னும் அமிலம் சேரச் சேர அவற்றுக்கே இன்னும் வசதி. வெளியிலிருந்து புதிதாக ஒரு கிருமி வந்து நோயை உண்டாக்குவது இல்லை. ஏற்கனவே ஒரு மூலையில் இருந்தவற்றின் கை ஓங்குகிறது, அவ்வளவே.

எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பது முக்கியம் என்று காட்டியது, ஸ்வீடனில் விப்பேஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் நடந்த ஆய்வு. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு எக்கச்சக்கமாகக் கூடியது. பல் மருத்துவம் இன்றுவரை இந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. ஆனால் யாருக்கு அந்த டாஃபியைக் கொடுத்தார்கள் தெரியுமா? மனவளர்ச்சி குன்றி அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களுக்கு. சம்மதம் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் அவர்களால் சொல்லியிருக்கவும் முடியாது. சமூகத்தில் குரல் இல்லாதவர்களின் பற்களைக் கெடுத்துத்தான் நமக்கு இந்த அறிவு வந்தது. இந்தத் தலைப்பில் பேசும்போது அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

இனி வருமானத்துக்கு வருவோம். மலிவாகக் கிடைப்பது, கெட்டுப்போகாதது, நின்றபடியே சாப்பிட முடிவது, சீக்கிரம் பசியடக்குவது என்று பார்த்தால் அதில் பெரும்பாலும் சர்க்கரையும் சலித்த மாவும்தான் இருக்கும். நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட முடிவது ஒரு வசதி. நம்மில் பலர் அதை வசதியாகவே எண்ணுவதில்லை.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டா?

உண்டு. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிற ஓடை அந்த நேரத்தில் வற்றிப் போகிறது. விடிய விடிய விழித்திருக்க இனிப்பான பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, களைப்பில் பல் தேய்க்காமல் படுத்தால் பாக்டீரியாவுக்கு இரண்டு லாபமும் ஒன்றாகக் கிடைக்கும். எச்சில் குறைய இன்னொரு காரணமும் உண்டு: ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் வாயை உலர வைக்கும்.

புகைப்பதால் என்ன ஆகிறது?

புகை வாயில் ஆக்சிஜனைக் குறைத்து, காற்றை வெறுக்கும் இனங்களுக்குச் சாதகமாக்குகிறது. ஈறுக்கு ரத்த ஓட்டமும் குறைவதால் ஈறு நோயின் முதல் எச்சரிக்கையான ரத்தக் கசிவுகூடத் தெரியாமல் போகலாம். அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2016-ல் வந்த ஆய்வில் புகைப்பவர்களின் வாய் பாக்டீரியாக்கள் தெளிவாக வேறுபட்டிருந்தன. புகைப்பதை விட்டவர்களோ, ஒருபோதும் புகைக்காதவர்களைப் போலவே இருந்தார்கள். பல நாடுகளில் புகைப்பழக்கம் வருமானமும் படிப்பும் குறைந்தவர்களிடையே கூடுதலாக இருக்கிறது. வருமானம் வாய்க்குள் போகும் வழிகளில் இதுவும் ஒன்று, அகலமான வழி.

கவலை பல்லைக் கெடுக்குமா? கேட்கவே விசித்திரமாக இருக்கிறதே?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. நெருக்கடி கூடிய வீடுகளின் பிள்ளைகளுடைய எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் கூடுதலாக இருந்தது. கார்டிசோல் கூடியிருந்த பிள்ளைகளின் விழுந்த பால் பற்களை ஆராய்ந்து பார்த்தபோது எனாமல் மெலிந்திருந்தது. கார்டிசோலும் அதிகம், சொத்தை உண்டாக்கும் பாக்டீரியாவும் அதிகம் என்று இரண்டும் சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சொத்தை மோசமாக இருந்தது.

அதாவது, கவலை தானாகப் பல்லில் ஓட்டை போடாது. பாக்டீரியாவுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கும்.

எப்படிச் சுற்றினாலும் பல் தேய்க்கச் சோம்பல்தானே காரணம்? ஒரு பிரஷ் வாங்க எவ்வளவு ஆகிவிடும்?

இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் தினம் இரண்டு வேளை தேய்ப்பது, ஒரு தனிமனிதர் செய்யக்கூடிய எல்லாவற்றிலும் பயன் மிக்கது. பற்பசையில் பத்து லட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்கு ஃபுளோரைடு இருந்தால் போதும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது.

ஆனால் சோம்பல் என்பது வருமானப் படிநிலைக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடிக் குறையும் பொருள் அல்ல. சொத்தையும் ஈறு நோயும் அப்படித்தான் கூடிக் குறைகின்றன: மிக ஏழைகளுக்கு மட்டும் மோசம், மற்ற எல்லோருக்கும் நலம் என்று இல்லை, ஒவ்வொரு படி இறங்க இறங்கக் கொஞ்சம் கூடுகிறது. பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். நடுத்தர வருமானக்காரர் எல்லாம் பெரும் பணக்காரரைவிடச் சோம்பேறி என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

இன்னொரு உதாரணம் தருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. 1598-ல் இங்கிலாந்துக்குப் போன ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மன் பயணி, முதலாம் எலிசபெத் ராணியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அளவுக்கு மீறித் தின்பதுதான் காரணம் என்பது அவர் ஊகம். அப்போது சர்க்கரை எட்டாத விலையில் இருந்தது. அதனால் கறுத்த பல் அரண்மனைக்காரர்களின் அடையாளம். பிரிட்டன் 1874-ல் சர்க்கரை மீதான வரியை முழுதாக நீக்கியது. அந்த நூற்றாண்டில் சர்க்கரை மலிந்து தொழிலாளர் வீட்டுத் தேநீருக்கு வந்து சேர்ந்தது. சொத்தையும் கூடவே வந்தது. பணக்காரர்களிடம் இருந்த நோய் ஏழைகளிடம் இடம் மாறிவிட்டது. ராணி சோம்பேறியாகவும் இல்லை, தொழிலாளி திடீரென்று சோம்பேறியாகவும் ஆகவில்லை. மாறியது சர்க்கரையின் விலை.

பாக்டீரியா வகைகள் அதிகம் இருந்தால் நல்லது என்கிறார்களே, வசதியானவர்கள் வாயில் வகைகள் அதிகமா?

அது குடலைப் பற்றிச் சொல்லப்படும் பேச்சு. வாய்க்கு அப்படியே பொருந்தாது. ஈறு நோய் முற்றியவர்களின் ஈறு இடுக்கில் வகைகள் பெரும்பாலும் கூடவே செய்யும். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், ட்ரெப்போனீமா டென்டிகோலா, டானரெல்லா ஃபார்சைத்தியா என்ற மூவர் கூட்டணி அங்கே செழிக்கும். சொத்தையில் இதற்கு நேர்மாறு, அமிலம் தாங்காதவை போய்விடுவதால் வகைகள் குறையும். எனவே வெறும் எண்ணிக்கையை வைத்து நல்ல வாய், கெட்ட வாய் என்று பிரிக்க முடியாது.

குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா? ஒரே கரண்டியில் ஊட்டினால் சொத்தைக் கிருமி தொற்றும் என்கிறார்களே?

கொடுங்கள். ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கரண்டி பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும் பாக்டீரியாக்களைப் பகிர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். பல நாட்டு மக்களை வைத்து 2023-ல் வந்த பெரிய ஆய்வில், சேர்ந்து வாழ்பவர்களின் வாய் பாக்டீரியாக் கிளை வகைகளில் (ஒரே இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவுகளில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருந்தது. கரண்டியைப் பிரித்து வைக்கும் கவனத்தை இரவு முழுக்க வாயில் இருக்கும் பால் புட்டியின் மேல் வையுங்கள். இனிப்பு கலந்த பால் புட்டியோடு தூங்கும் குழந்தையின் முன்பற்கள் மிகச் சீக்கிரம் கெடும். பெரியவர்கள் தங்கள் சொத்தையைச் சரிசெய்துகொள்வதும் குழந்தைக்கு உதவும்.

பல் கெட்டால் வருமானம் குறையுமா? எதிர்த் திசையிலும் ஓடுமா?

ஓடும். வலியால் விடுப்பு, பள்ளிக்குப் போகாத நாட்கள், சிரிக்கத் தயங்குவது, வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலை கிடைக்காமல் போவது என்று பல விதத்தில். அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் 2010-ல் இதை அழகாக அளந்தார்கள். குழந்தைப் பருவத்தில் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கிடைத்த ஊர்களில் வளர்ந்த பெண்கள், கிடைக்காத ஊர்ப் பெண்களைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆண்களிடம் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. ஏன் என்று யோசித்தால், பெண்ணின் தோற்றத்துக்குச் சந்தை எவ்வளவு விலை வைக்கிறது என்பதும் சேர்ந்து வெளியே வருகிறது.

அரசாங்கம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நிறைய. உலகம் முழுக்க ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இத்தனை பேரையும் பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார வைக்க எந்த நாட்டாலும் முடியாது. ஆகவே பாக்டீரியா வாழும் சூழலை மொத்தமாக மாற்றுவதுதான் வழி.

ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளிலேயே பிள்ளைகளை ஃபுளோரைடு பற்பசையால் தேய்க்கச் செய்யும் திட்டம் உண்டு. பிள்ளைகளின் சொத்தை குறைந்தது. பிரிட்டன் 2018-ல் குளிர்பானச் சர்க்கரைக்கு வரி போட்டபோது நிறுவனங்கள் சர்க்கரையையே குறைத்துக்கொண்டன. அதன்பின் இங்கிலாந்தில் பல் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேரும் பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக 2023-ல் ஒரு ஆய்வு காட்டியது. குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945-ல் தொடங்கி வைத்தது. இதில் ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியத் தொடங்கும், மிகவும் கூடினால் எலும்பையும் பாதிக்கும். அங்கே எடுப்பதுதான் வேலை, சேர்ப்பது இல்லை.

வாய் பாக்டீரியாப் பரிசோதனை, புரோபயாட்டிக் மாத்திரை, மவுத்வாஷ் இதெல்லாம் வாங்கலாமா?

காசு மிச்சம் இருந்தால் உங்கள் விருப்பம். பரிசோதனை செய்தால் பெயர்கள் நிறைந்த ஒரு நீளமான பட்டியல் வரும். கடைசியில் "சர்க்கரையைக் குறையுங்கள், தேயுங்கள்" என்றுதான் முடியும். நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக உள்ளே போட்டாலும், வாய் அமிலத்தில் கிடந்தால் அது அங்கே நிலைக்காது. கடுமையான கிருமிநாசினி மவுத்வாஷை மருத்துவர் சொல்லாமல் நாள் கணக்கில் பயன்படுத்தாதீர்கள். நாக்கில் வாழும் சில பாக்டீரியாக்கள் காய்கறியில் உள்ள நைட்ரேட்டை மாற்றி ரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகின்றன. அத்தகைய மவுத்வாஷில் இருக்கும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி அவற்றையும் சேர்த்து அழித்து ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சிறு வயதில் கஷ்டப்பட்டோம், இப்போது பரவாயில்லை. வாய் பழைய நிலைக்கு வருமா?

பாக்டீரியா வரும். சர்க்கரை குறைந்து, புகை நின்று, எச்சில் நன்றாக ஊறினால் கூட்டத்தின் சமநிலை வாரங்கள், மாதங்களில் மாறத் தொடங்கும். சொத்தை வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கும் கட்டம் வரை பல்லும் மீளும், எச்சிலும் ஃபுளோரைடும் தாதுவைத் திரும்பப் படிய வைக்கும்.

குழி விழுந்துவிட்டால் மீளாது. எனாமலில் உயிருள்ள செல்கள் கிடையாது, அதனால் தோல் மாதிரித் திரும்ப வளராது. நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவது சுமார் ஆறு வயதிலேயே முளைத்துவிடுகிறது. பால் பல்லின் பின்னால் சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் பலர் அதை விழுந்து முளைக்கப்போகும் பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். நாற்பது வயதில் வருகிறவர்களுக்கு முதலில் இல்லாமல் போயிருக்கும் பல்லும் பெரும்பாலும் அதுதான்.